சரக்கு விமானம் ஓட்டுபவர்கள் பாதி வழியில் கம்பெனி மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஃபெடெக்ஸ், யுபிஎஸ், அட்லஸ், கலிட்டா போன்ற சரக்கு நிறுவனங்களில் பறக்கும் நடுவயதுப் பைலட்டுகள் பல வருடங்களாகத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. இருக்கிற இடத்திலேயே இருந்துவிடலாமா, பயணிகள் நிறுவனங்களான டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் பக்கம் போய்விடலாமா? அங்கே பறப்பவர்களுக்காகவும், இந்த முடிவை அவர்களோடு சேர்ந்து எடுக்க வேண்டிய வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபெடெக்ஸ், யுபிஎஸ் இரண்டிலும் பத்து வருடம் தாண்டியவர்கள் பெரும்பாலும் இருப்பதே நல்லது. அட்லஸ், கலிட்டா போல அடுத்தவர் சரக்கைக் குத்தகைக்கு ஏற்றிப் பறக்கும் நிறுவனங்களில் இருப்பவர்கள், நாற்பத்தைந்து வயதுக்குள் என்றால், கிளம்புவது நல்லது. 2020-க்குப் பிறகு ஃபெடெக்ஸில் சேர்ந்து, இப்போது நாற்பதை ஒட்டி இருப்பவர்களுக்குத்தான் உண்மையான தலைவலி. கீழே வருவதில் பாதிக்கு மேல் அவர்களை நினைத்து எழுதியது.

இந்தக் கேள்வி இப்போது ஏன் இவ்வளவு பேரிடம் எழுகிறது?

2020-இல் நிலைமை தலைகீழாக இருந்தது. கொரோனாவில் பயணிகள் விமானங்கள் தரையில் நின்றன. அந்த அக்டோபரில் அமெரிக்கன், யுனைடெட் இரண்டும் ஆயிரக்கணக்கான ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பின. சரக்கு நிறுவனங்களோ ஆள் போதாமல் எடுத்துக்கொண்டே இருந்தன. வீட்டில் முடங்கிய ஊர் முழுக்க ஆன்லைனில் வாங்கியது. அதையெல்லாம் யாராவது இரவோடு இரவாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. "சரக்குதான் பாதுகாப்பு" என்று நம்பி அப்போது சேர்ந்தவர்கள் நிறைய.

மூன்றே வருடத்தில் காற்று மாறியது. 2023 மார்ச்சில் டெல்டா பைலட்டுகள் நான்கு ஆண்டுகளில் 34 சதவீதம் உயர்வு தரும் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். அமெரிக்கனும் யுனைடெட்டும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தன. யுனைடெட்டில் உயர்வு 40 சதவீதம் வரை போனது. ஃபெடெக்ஸ் பைலட்டுகளுக்கு வந்த 30 சதவீத உயர்வு ஒப்பந்தத்தை அவர்களே 2023 ஜூலையில் நிராகரித்தார்கள். எதிர்த்து வாக்களித்தவர்கள் 57 சதவீதம். அந்த நவம்பரில் ஃபெடெக்ஸ் நிர்வாகமே, ஆள் அதிகமாக இருக்கிறது, விருப்பமுள்ளவர்கள் அமெரிக்கனின் துணை நிறுவனமான பிஎஸ்ஏ-வுக்குப் போகலாம் என்று பைலட்டுகளுக்குச் சொன்னது. பிஎஸ்ஏ சிறிய ஜெட்டுகள் ஓட்டும் பிராந்திய நிறுவனம். பெரிய விமானம் ஓட்டுகிற ஒருவரைத் தன் நிர்வாகமே அங்கே கைகாட்டியது பலர் மனதை உடைத்தது. அந்தக் காயம் நியாயமானது. ஆனால் காயத்தை வைத்து ராஜினாமா எழுதக் கூடாது.

பயணிகள் நிறுவனத்தில் சம்பளம் கூடுதல்தானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மணிக்கு இத்தனை டாலர் என்ற அட்டவணையை மட்டும் பார்த்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த அட்டவணையில் நீங்கள் எந்த வரியில் நிற்பீர்கள் என்பதுதான் விஷயம். அதைத் தீர்மானிப்பது சீனியாரிட்டி எண், அதாவது சேர்ந்த வரிசைப்படி பணிமூப்புப் பட்டியலில் உங்கள் இடம்.

அமெரிக்க விமானத் துறையில் பணிமூப்பைக் கூடவே எடுத்துப்போக முடியாது. 8,000 மணி நேரம் பறந்த 777 கேப்டனும், பிராந்திய ஜெட்டிலிருந்து வரும் இளைஞரும் ஒரே நாளில் டெல்டாவில் சேர்ந்தால், இருவரும் பட்டியலின் அடியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் முதலாண்டுச் சம்பளம்தான். எந்த ஊரில் பணி, எந்த விமானம், எந்த மாதம் விடுமுறை, ரிசர்வில் போன் பக்கத்தில் காத்திருப்பதா, முன்கூட்டியே தெரிந்த ரோஸ்டரா, கிறிஸ்துமஸ் அன்று வீட்டிலா ஹோட்டலிலா எல்லாமே அந்த எண் வழியாகத்தான் நடக்கும். ஆள்குறைப்பு வந்தால் முதலில் வெளியே போவதும் அடியில் இருப்பவர்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கம்பெனியில் 5,200 பேர், உங்கள் எண் 2,600 என்று வைத்துக்கொள்வோம். சரியாக நடுவில் இருக்கிறீர்கள். 16,000 பேர் உள்ள பயணிகள் நிறுவனத்துக்குப் போகிறீர்கள். உங்கள் எண் இப்போது 16,000. அங்கே வருடத்துக்கு 600 பேர் ஓய்வு பெற்று, அதே அளவு ஆள் சேர்கிறார்கள் என்றால், பத்து வருடம் கழித்து உங்கள் எண் 10,000. அப்போதும் நீங்கள் நடுவுக்குக் கீழேதான். இன்று கையில் இருக்கிற அதே இடத்துக்குத் திரும்பவே பதின்மூன்று வருடம் தாண்டுகிறது. முப்பத்தெட்டு வயதுக்காரருக்கு அதன் பிறகும் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் பலன் அனுபவிக்க மிச்சம். ஐம்பது வயதுக்காரருக்கு அங்கே போய்ச் சேரும்போது விளக்கை அணைக்கும் நேரம்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். பயணிகள் நிறுவனங்களில் சிறிய விமானத்தில் கேப்டன் ஆவது 2023 வாக்கில் மிக வேகமாக நடந்தது. நியூயார்க், நுவார்க் போன்ற ஊர்களுக்கு மூத்தவர்கள் வர மறுத்ததால், சேர்ந்து ஓரிரு வருடத்திலேயே கேப்டனுக்குரிய நான்கு பட்டை கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். நுவார்க்கில் ரிசர்வ் கேப்டனாக இருப்பது உங்கள் குடும்பத்துக்குச் சரிப்படுமா என்பது வேறு கேள்வி.

பென்ஷன் விஷயத்தை எப்படிப் பார்க்க வேண்டும்?

நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டியது இதைத்தான். எல்லாரும் மணிக்கூலியை ஒப்பிட்டுவிட்டு இதை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பெரிய பயணிகள் நிறுவனங்களில் பழைய மாதிரி பென்ஷன் கிடையாது. யுனைடெட் 2005-இல் திவால் பாதுகாப்பில் இருந்தபோது தன் பென்ஷன் திட்டங்களை அரசின் உத்தரவாத அமைப்பின் தலையில் கட்டியது. டெல்டா பைலட்டுகளின் திட்டம் 2006-இல் முடிந்தது. வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்த பென்ஷனில் ஒரு பகுதிதான் பலருக்கு மிஞ்சியது. அதற்குப் பதிலாக இப்போது சம்பளத்தின் 17, 18 சதவீதத்தை நிறுவனம் உங்கள் பெயரிலுள்ள ஓய்வுக்காலக் கணக்கில் போடுகிறது.

ஃபெடெக்ஸில் பழைய பென்ஷன் தொடர்ந்தது. 2015 ஒப்பந்தப்படி கணக்கு எளிது: வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 2 சதவீதம், அதிகபட்சம் 25 வருடம், உங்கள் உயர்ந்த சம்பள வருடங்களின் சராசரியில் 2,60,000 டாலர் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். முழுதாக முடித்தால் ஆண்டுக்கு 1,30,000 டாலர், ஆயுள் முழுக்க.

இப்போது முப்பத்தாறு வயதில் சேர்ந்து நாற்பத்தாறில் கிளம்ப நினைப்பவரை எடுத்துக்கொள்வோம். பத்து வருடம், 20 சதவீதம். சம்பளம் அந்த உச்சவரம்பைத் தொட்டிருந்தால் ஆண்டுக்கு 52,000 டாலர் அவர் பெயரில் நிற்கும். வேலையை விட்டாலும் அது போகாது. ஆனால் அந்த 52,000 அப்படியே உறைந்து நிற்கும். அவருக்கு அறுபத்தைந்து வரும்போது பத்தொன்பது வருட விலைவாசி அதைத் தின்றிருக்கும். அவர் விட்டுப்போவது, மேலும் பதினைந்து வருடம் இருந்திருந்தால் சேர்ந்திருக்கும் ஆண்டுக்கு 78,000 டாலரை. மறுபக்கம், பயணிகள் நிறுவனத்தில் ஆண்டுக்கு 3,50,000 சம்பாதிக்கும் நிலைக்கு வந்தபின் 18 சதவீதம் என்றால் 63,000 டாலர் வருடாவருடம் கணக்கில் விழும், சந்தையில் வளரும், அவருக்குப் பின் குடும்பத்துக்குப் போகும்.

எது பெரியது? இளையவருக்குத் தனிக் கணக்கு, ஏனென்றால் அது வளர வருடங்கள் இருக்கின்றன. மூத்தவருக்குப் பென்ஷன், ஏனென்றால் கடைசிப் பத்து வருடத்தில்தான் அது கனமாகிறது. நடுவில் எங்கே கோடு விழும் என்று கேட்டால், நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்பேன். உங்கள் மனைவியோ கணவரோ உங்களைவிடப் பல வருடம் இளையவர் என்றால் கோடு கொஞ்சம் தள்ளும். பென்ஷனில் துணைக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டால் மாதத் தொகை குறையும். யுபிஎஸ்ஸிலும் பென்ஷன் உண்டு, ஆனால் கணக்கு வேறு. அங்கே இருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் அட்லஸ், கலிட்டா மாதிரி நிறுவனத்தில் இருக்கிறேன். எனக்கும் இதே பதிலா?

இல்லை. அமேசானோ டிஎச்எல்லோ கொடுக்கிற வேலையை விமானம், பைலட், காப்பீடு எல்லாம் தந்து செய்து கொடுக்கும் நிறுவனங்கள் இவை. சரக்கு அவர்களுடையது அல்ல. சரக்குக்காரர் மனம் மாறினால் பைலட்டின் வேலையும் மாறும்.

ஒஹையோ மாநிலம் வில்மிங்டன் ஊரை நினைத்துப் பாருங்கள். டிஎச்எல் அங்கே பெரிய இரவு மையம் வைத்திருந்தது. 2008 நவம்பரில் அமெரிக்க உள்நாட்டுச் சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. 2009 ஜனவரியோடு நிறுத்தியது. அதற்காகப் பறந்துகொண்டிருந்த ஏபிஎக்ஸ், ஆஸ்டார் பைலட்டுகள் செய்த தவறு என்று எதுவும் இல்லை. ஏபிஎக்ஸ் சுருங்கி வேறு வேலை தேடிப் பிழைத்தது. ஆஸ்டார் 2012-இல் மூடப்பட்டது. இதே வகையைச் சேர்ந்த எவர்கிரீன் 2013-இல் போனது. வெஸ்டர்ன் குளோபல் 2023 ஆகஸ்டில் திவால் பாதுகாப்புக் கேட்டது.

அட்லஸ் அந்த வகையில் வலுவானது. 747 அதிகம் வைத்திருக்கும் நிறுவனம். 2023-இல் முதலீட்டுக் குழு ஒன்று அதை வாங்கியது. முதலீட்டுக் குழு வாங்கினால் என்றைக்காவது விற்பதற்குத்தான் வாங்கும். விற்கும்போது பட்டியல்கள் இணையலாம், மையங்கள் மாறலாம். இதைத் தெரிந்தே இருக்க வேண்டும்.

ஆக, இங்கே இருப்பவர்களுக்கு என் பதில் நேரடியானது: நாற்பத்தைந்துக்குள் இருந்தால் எல்லாப் பெரிய நிறுவனங்களிலும் விண்ணப்பம் போட்டு வையுங்கள், வருடத்துக்கு இரண்டு முறை புதுப்பியுங்கள். ஐம்பது தாண்டி, கேப்டனாக இருந்து, வீட்டருகிலிருந்தே பயணத்தைத் தொடங்க உங்கள் நிறுவனம் டிக்கெட் போட்டுத் தருகிறது என்றால், அந்த வசதியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். பெரிய பயணிகள் நிறுவனங்களில் வேறு ஊரில் இருந்து பணிக்கு வருவது பெரும்பாலும் உங்கள் சொந்தப் பாடு.

இரவு வேலை உடம்பைக் கெடுக்கிறது. அதற்காகவே மாறலாமா?

மாறலாம். எல்லாக் காரணங்களிலும் எனக்கு மிக மதிப்பானதாகப் படுவது இதுதான்.

மெம்ஃபிஸில் இரவு பத்தரைக்கு மேல் வானத்தைப் பார்த்தால் விமான விளக்குகள் ஒரே கோட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும். 1973 ஏப்ரலில் 14 சிறிய ஃபால்கன் ஜெட்டுகளோடும் 186 பொட்டலங்களோடும் ஃபெடெக்ஸ் தொடங்கிய அதே ஊர். சரக்கை இறக்கிப் பிரித்து மறுபடி ஏற்றும் அந்தச் சில மணி நேரம் பைலட்டுக்கு ஓய்வு. சிறிய உறங்கும் அறை கிடைத்தால் கட்டையைச் சாய்க்கலாம். இல்லையென்றால் சாய்வு நாற்காலி. நடுச்சாமத்தில் அலாரம். முகம் கழுவி, காபி குடித்து, வானிலையும் எரிபொருளும் பார்த்து, கிளம்பும் வரிசையில் நிற்கும்போது உடம்பின் வெப்பநிலை அடியில் இருக்கும் நேரம். விடியும்போது எங்கோ ஒரு நகரத்தில் சூரியனைப் பார்த்தபடி தரையிறக்கம். பிறகு ஹோட்டல். திரைச்சீலை நடுவில் விடும் இடுக்கை அலமாரியில் இருக்கும் கால்சட்டை ஹாங்கரின் கிளிப்பால் கவ்வி மூடுவது இரவுப் பைலட்டுகள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. தூக்கம் பிடிக்கும் நேரத்தில் அறை துப்புரவு செய்பவர் கதவைத் தட்டுவார்.

இரவுப் பணியை "புற்றுநோய் வரவழைக்கக்கூடும்" என்ற வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இலேயே சேர்த்தது. 2019-இல் மறுபடி உறுதி செய்தது.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது சட்டம். பயணிகள் விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன: எத்தனை மணிக்குப் பணி தொடங்குகிறது, எத்தனை முறை ஏறி இறங்குகிறார் என்று பார்த்து, பணி நேரத்தை 9 முதல் 14 மணிக்குள் கட்டும் விதிகள். சரக்கு விமானிகளை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள்; செலவு அதிகமாகும் என்பது காரணம். விதிகள் அமலுக்கு வருவதற்குச் சில மாதம் முன்பு, 2013 ஆகஸ்ட் 14 விடியற்காலையில், யுபிஎஸ் ஏ300 விமானம் ஒன்று அலபாமாவின் பர்மிங்ஹாம் ஓடுபாதைக்கு முன்பாகவே தரையில் மோதியது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். அன்று இரவு விமானத்தில் பதிவான அவர்களின் பேச்சில், இந்த ஓய்வு விதியின் பாரபட்சமும் தங்கள் களைப்பும் இருந்தன. அதே வானம், அதே ஓடுபாதை. களைப்புக்கு மட்டும் இரண்டு அளவுகோல். இது இன்னும் மாறவில்லை. ஃபெடெக்ஸ், யுபிஎஸ் பைலட்டுகள் தங்கள் ஒப்பந்தத்தில் போராடிச் சில பாதுகாப்புகளைச் சேர்த்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் அது இன்னும் மெல்லியது.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். உங்கள் இன்றைய சீனியாரிட்டியில் பகல் பயணங்களோ, கடல் கடந்த நீண்ட பயணங்களோ எடுக்க முடிகிறதா? முடிகிறது என்றால் பயணிகள் நிறுவனத்தின் அடித்தட்டில் கிடைக்கும் நள்ளிரவுப் பயணங்களைவிட உங்கள் தூக்கம் இங்கேயே நன்றாக இருக்கலாம். ஐந்து வருடமாக நாடியும் முடியவில்லை, இரத்த அழுத்தம் ஏறுகிறது, டாக்டர் எச்சரிக்கிறார் என்றால், பென்ஷன் கணக்கைத் தூக்கி ஓரம் வையுங்கள்.

சரக்குத் தொழிலே சுருங்குகிறது என்கிறார்களே?

சுருங்குகிறது என்று சொல்ல முடியாது, இடம் மாறுகிறது. அமெரிக்க அஞ்சல் துறையின் விமான ஒப்பந்தம் 2024 செப்டம்பர் 29-ஆம் தேதி ஃபெடெக்ஸைவிட்டு யுபிஎஸ்ஸுக்குப் போனது. மெம்ஃபிஸின் பகல் பயணங்கள் நிறைய அந்தத் தபாலை நம்பி இருந்தன. பகலில் பறந்துகொண்டிருந்த மூத்தவர்கள் இரவுக்கு இறங்கினார்கள்; அதற்குக் கீழே இருந்தவர்கள் ரிசர்வுக்கு இறங்கினார்கள். யுபிஎஸ்ஸும் 2025 ஜனவரியில், அமேசான் சரக்கை 2026 நடுப்பகுதிக்குள் பாதிக்குமேல் குறைப்போம் என்று அறிவித்தது. சீனாவிலிருந்து வரும் சிறு பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கு 2025 மே 2-ஆம் தேதி போனது, ஆகஸ்டில் எல்லா நாடுகளுக்கும் போனது.

அதோடு 2025 நவம்பர் 4. லூயிவில்லில் யுபிஎஸ் எம்டி-11 ஒன்று எழும்பும்போதே இடது எஞ்சின் இறக்கையிலிருந்து பிய்ந்து விழுந்தது. விமானத்திலிருந்த மூவரும், தரையில் இருந்த பலரும் உயிரிழந்தார்கள். எம்டி-11கள் எல்லாமே நிறுத்தப்பட்டன; யுபிஎஸ் பிறகு அந்த வகையையே சேவையிலிருந்து விலக்கியது. ஒரு விமான வகை போகும்போது அதை ஓட்டியவர்கள் தங்கள் சீனியாரிட்டியோடு மற்ற விமானங்களுக்கு வருவார்கள். அங்கே அடியில் இருப்பவர்கள் இன்னும் கீழே தள்ளப்படுவார்கள். நீங்கள் எந்த விமானத்தில் இருக்கிறீர்கள், அந்த வகையை நிறுவனம் இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கும் என்று பாருங்கள். 767, 777 என்றால் நிம்மதியாக இருக்கலாம்.

ஆள்குறைப்பு வரலாறும் முக்கியம். 2009 மந்தத்தில் ஃபெடெக்ஸ் எல்லாருடைய குறைந்தபட்ச மணி நேரத்தையும் வெட்டிச் சமாளித்தது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. யுபிஎஸ் 2010-இல் நூறு பேருக்கு மேல் அனுப்பியது. பயணிகள் நிறுவனங்கள் 2001-க்குப் பிறகு அனுப்பியதோ ஆயிரக்கணக்கில். சிலர் திரும்பக் கூப்பிடப்படப் பத்து வருடம்போலக் காத்திருந்தார்கள். இன்றைய நல்ல காலத்தை மட்டும் வைத்து அடுத்த இருபது வருடத்தை எடை போடக் கூடாது.

புது ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்கலாமா?

அமெரிக்காவில் விமானத் துறையின் தொழிலாளர் ஒப்பந்தங்கள் 1926-ஆம் ஆண்டு ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றன. இந்தச் சட்டத்தில் ஒப்பந்தம் காலாவதி ஆகாது. திருத்தத்துக்கு உரிய நாள்தான் வரும். அதன் பிறகும் பழைய சம்பளமே ஓடும். அரசின் மத்தியஸ்த வாரியம் விடுவித்தால்தான் வேலைநிறுத்தத்தைப் பற்றியே பேசலாம். நிர்வாகத்துக்கு அவசரம் இல்லாதபோது இது வருடக்கணக்கில் இழுக்கும். ஃபெடெக்ஸ் ஒப்பந்தத்தின் திருத்த நாள் 2021 நவம்பர். 2023-இல் வாக்கெடுப்பு தோற்றபின் 2024, 2025 என்று பேச்சு நீண்டதை எல்லாரும் பார்த்தோம்.

ஒப்பந்தம் வரும்போது பின்தேதியிட்டு வரும் தொகை பெரும்பாலும் அன்றைக்குப் பட்டியலில் இருப்பவர்களுக்கே. ஏற்கெனவே கிளம்புவதென்று முடிவெடுத்தவர் அந்தக் காசோலைக்காக இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தால், புதிய இடத்தில் இரண்டு வருட எண்ணை இழக்கிறார். ஒரு பயிற்சி வகுப்பு தள்ளிச் சேர்ந்தாலே நூறு பேர் முன்னால் போய்விடும் காலங்கள் உண்டு. ஆகவே இருப்பதாக முடிவு செய்தால் ஒப்பந்தத்துக்காகப் பொறுமையாக இருங்கள். போவதாக முடிவு செய்தால் அதற்காகத் தங்காதீர்கள்.

அறுபத்தைந்து வயது வரம்பு உயர்ந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் 2007 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு வயது வரம்பு 60-இலிருந்து 65 ஆனது. அன்று கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஐந்து வருடம் ஒரே இடத்தில் நின்றார்கள். 67 ஆக்கும் முயற்சி 2024 விமானச் சட்டத்தில் சேராமல் போனது. நாளை சேர்ந்தால், புதிதாக மாறியவருக்குத்தான் அடி அதிகம்; மேலே இருப்பவர்கள் நகரும் வேகத்தை நம்பியே அவர் மாறியிருப்பார்.

பைலட் இல்லாத விமானம் முதலில் சரக்கில்தானே வரும்?

சிறிய செஸ்னா கேரவான் அளவில் சோதனைகள் நடக்கின்றன. பெரிய ஜெட்டில், நீண்ட பயணத்தின் நடுப்பகுதியில் ஒருவர் மட்டும் இருக்கையில் இருக்கலாம் என்ற யோசனையை ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, இன்றைய அளவு பாதுகாப்பை உறுதி செய்ய முடியாது என்று 2025-இல் சொன்னது. அமெரிக்க விதி இருவரைக் கட்டாயம் கேட்கிறது. நாற்பது வயதுக்காரர் இதை நினைத்துக் கம்பெனி மாற வேண்டியதில்லை.

வளைகுடா, லக்சம்பர்க் பக்கம் போகலாமா?

எமிரேட்ஸ், கத்தார், கார்கோலக்ஸ் எல்லாம் நல்ல விமானங்கள் ஓட்டுகின்றன. ஆனால் அமீரகத்தில் தொழிற்சங்கம் கிடையாது, வேலை போனால் விசாவும் போகும், பிள்ளைகளின் பள்ளியும் நடுவில் நிற்கும். ஏற்கெனவே அமெரிக்காவில் சீனியாரிட்டி உள்ளவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தியாவில் சரக்கு ஓட்டுபவருக்கு இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் 1996 முதல் இரவில் சரக்கு ஓட்டுகிறது. அங்கே 757 ஓட்டுபவர் ஒன்றை யோசிக்க வேண்டும்: இண்டிகோ, ஏர் இந்தியா எதிலும் 757 இல்லை, போனால் புது வகை விமானத்துக்குப் பயிற்சி எடுக்க வேண்டும், அதற்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். 737-800 ஓட்டுபவருக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஆகாசா இரண்டிலும் 737 குடும்ப விமானங்கள் உண்டு. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானமும் இண்டிகோ 500 விமானமும் ஆர்டர் செய்தன. ஆள் தேவை இருக்கிறது. ஆனால் கிங்ஃபிஷர் 2012-இல், ஜெட் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றதையும் நினைவில் வையுங்கள். மூன்றும் பயணிகள் நிறுவனங்கள்.

அப்புறம், 2017 விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருடம், துணை விமானிக்கு ஆறு மாதம் முன்னறிவிப்பு. சொல்லாமல் கிளம்பினால் நீதிமன்றம் வரை போகும்.

போய்விட்டுப் பிடிக்கவில்லையென்றால் திரும்ப வரலாமா?

பழைய எண் கிடைக்காது. திரும்பி வந்தால் மறுபடி கடைசி ஆள்.

ராஜினாமாவுக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் மெடிக்கல். நாற்பது தாண்டினால் முதல் வகுப்புச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வேலை மாறும்போது, பறக்க முடியாமல் போனால் வருமானம் தரும் நீண்டகாலக் காப்பீடு புதிய இடத்தில் எந்த நாளிலிருந்து தொடங்கும், ஏற்கெனவே உள்ள நோயைச் சேர்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்க்கரையோ இதயத்தில் சின்னத் தொந்தரவோ உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு இந்த ஒரு தாளே முடிவைச் சொல்லிவிடும்.

அடுத்து, பென்ஷனில் இன்றுவரை உங்களுக்குச் சேர்ந்தது எவ்வளவு என்ற அறிக்கை. பிறகு, போக நினைக்கும் நிறுவனத்தின் ஓய்வுப் பட்டியல்: எந்த வருடம் எத்தனை பேர் 65-ஐத் தொடுகிறார்கள் என்று சங்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதில் உங்கள் பிறந்த வருடத்தை வைத்து, ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது வயதில் எங்கே நிற்பீர்கள் என்று குறித்துப் பாருங்கள். முதல் இரண்டு வருடச் சம்பளத்தில் வீட்டுக்கடனும் பள்ளிக் கட்டணமும் ஓடுமா என்றும் பாருங்கள்.

இதையெல்லாம் தனியாக விமான ஓட்டிகள் அறையில் உட்கார்ந்து செய்யாமல், வீட்டில், மேசையில் தாள்களைப் பரப்பி இருவருமாகச் செய்யுங்கள். வேலைக்கான உத்தரவு கையில் வந்து, சேரும் தேதியும் எழுத்தில் வந்து, மெடிக்கலும் முடிந்த பிறகுதான் பழைய இடத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். பயிற்சி வகுப்புகளைத் தள்ளிப்போடுவது இந்தத் துறையில் சாதாரணம். முன்கூட்டியே விட்டுவிட்டு நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பழைய நிறுவனம் கதவைத் திறப்பதில்லை.